மொழிப் பாடம் எதற்காக? - தனிநாயகம் அடிகளார் வாழ்வு தரும் பதில்



கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், நம் திருப்பூர்ப் பகுதிப் பெற்றோர் பலருக்கு ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளை மொழிப் பாடமாகத் தமிழை எடுப்பதா, பிரெஞ்சை எடுப்பதா? பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்கள் சிலர். நம் ஊர்ப் பனியன் ஐரோப்பாவுக்குத்தானே போகிறது, வெளிநாட்டு மொழி தெரிந்தால் வேலைக்கு நல்லது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனாலும் முடிவெடுக்கும் முன், பல மொழிகள் கற்ற ஓர் அருள்பணியாளரின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அவர்தான் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் 1913 ஆகஸ்டு 2 அன்று யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். அவர் படித்த காலத்தில் ஆங்கிலத்திற்கே முதலிடம். பின்னர் கொழும்பு குருமடத்திலும், உரோமை ஊர்பன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1938இல் குருவாகத் திருப்பொழிவு பெற்று, இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ஜெர்மன் என ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தார். ஆனால் தம் தாய்மொழியின் இலக்கியத்தை மட்டும் அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை.

1940இல் தூத்துக்குடி மறைமாவட்டப் பணிக்கு வந்து, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியரானார். மக்களுக்குப் பணி செய்ய அவர்கள் தமிழை ஆழமாக அறிய வேண்டும் என்று உணர்ந்தார். உரோமையில் முனைவர் பட்டம் பெற்றவர், தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். அதோடு நிற்கவில்லை. 1945இல், முப்பது வயதைக் கடந்த பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றார்.

அப்படியானால் முன்பு கற்ற அயல்மொழிகள் வீணாயினவா? இல்லை. அவை தமிழுக்குப் பணியாளர்களாயின. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழின் சிறப்பை உலக அறிஞர்களுக்கு எடுத்துரைத்தார். சேசு சபை அருள்பணியாளர் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து, 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். போர்த்துக்கீசியம் மட்டும் தெரிந்தவருக்கு அது ஒரு பழைய புத்தகம். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்த நூலகத்தின் கதவு எட்டாத தொலைவு. இரண்டும் தெரிந்தவர் கையில்தான் அது புதையலாயிற்று. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கவும் அவரே முன்னின்று உழைத்தார். 1980 செப்டம்பர் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, அடிகளார் ஒரு மொழியை விட்டுவிட்டு மற்றொரு மொழிக்கு ஓடியவர் அல்ல. கற்ற ஒவ்வொரு மொழியையும் மனிதரைச் சந்திக்கும் வாசலாக்கிக்கொண்டவர். பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. நற்செய்தியை ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்கவே செய்தார்.

ஆகவே நம் பிள்ளைகள் பிரெஞ்சு கற்கட்டும், ஜெர்மனும் கற்கட்டும். ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் ஒரு மொழியைத் தொட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டால், அந்த மொழியும் கிட்டாது, எழுதத் தெரியாத தமிழும் கைவிட்டுப் போகும். பிரெஞ்சு எடுக்கும் பிள்ளையும் வீட்டில் நாள்தோறும் தமிழில் விவிலியத்தின் ஒரு பகுதியையாவது வாசிக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் பனியன் கம்பெனிகளில் உழைப்போர் ஞாயிறு திருப்பலியில் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். பாரிசில் இருப்பவரின் மொழியைக் கற்க விரும்பும் நாம், பக்கத்து இருக்கையில் இருப்பவரின் மொழியில் ஒரு வணக்கமாவது சொல்லக் கற்றிருக்கிறோமா? சிந்திப்போம்.

எல்லா மொழிகளையும் அறிந்த இறைவன், அன்பின் மொழியையும் நமக்குக் கற்றுத் தருவாராக. ஆமென்.