புழுவின் வழியில் இழை வடித்தவர்

கம்பம் பள்ளத்தாக்கில் மல்பெரி இலையை உண்ட புழு சில வாரங்களில் பட்டுக்கூடு கட்டிவிடுகிறது. அந்தச் சிற்றுயிரின் தொழிலை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவர் இலேர் தெ ஷார்தோனே. பிரான்சு நாட்டின் பெசான்சோன் நகரில் 1839ஆம் ஆண்டு பிறந்த இவர், பாரிசில் பொறியியல் பயின்றார்.

அந்நாளில் கொடிய நோயொன்று பிரான்சின் பட்டுப்புழுக்களை அழித்தது; புழு வளர்த்தோரும் நெசவாளரும் வாழ்விழந்தனர். நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டருக்குத் துணைநின்ற ஷார்தோனே, புழுவின்றியே நூல் பெறும் வழியைத் தேடலானார்.

தாவரச் செல்லுலோசை நைட்ரிக், கந்தக அமிலங்களுடன் வினைபுரியச் செய்து, ஈதரும் ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தில் கரைத்தார். அக்குழம்பை நுண்துளைகளின் வழியே செலுத்தியதும் நீர்மம் ஆவியாகிவிட, பளபளக்கும் இழை எஞ்சியது. மின்னினாலும் அது பட்டன்று. பட்டு புரதம், இவ்விழையோ தேனியில் பொதிபொதியாக விலைபோகும் பருத்திக்கே உறவு. 1884இல் காப்புரிமை பெற்றார். 1889இல் பாரிசுக் கண்காட்சியில் அதனைக் கண்டோர் வியந்தனர்.

ஆயினும், வெடிமருந்துக்கு இனமான அவ்விழை எளிதில் தீப்பற்றியது. உடுத்துவோர் உயிருக்கே ஊறு நேரக்கூடிய நூலை எவ்வாறு விற்பது? இழையிலிருந்து நைட்ரேட்டை வேதிமுறையில் நீக்கிய பின்னரே அந்த இடர் குறைந்தது. பெசான்சோனில் ஆலையும் எழுந்தது. எனினும், நனைந்தால் நூல் வலுவிழந்தது, செலவும் மிகுந்தது. 1892இல் ஆங்கிலேயர் கண்ட விஸ்கோஸ் முறை, மரக்கூழிலிருந்து மலிவாக இழை தந்து முந்திக்கொண்டது.

ஷார்தோனே 1924இல் மறைந்தார். அவ்வாண்டில்தான் அமெரிக்க நெசவுத்துறையினர் செயற்கைப் பட்டுக்கு ரேயான் எனப் பெயரிட்டனர்.