பாடசாலை வாசலில் நின்ற தந்தை: லூயி பிரெயிலின் வாழ்வும் வன்னிப் பெற்றோரும்

பார்வையற்றோர் விரல் நுனியால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தையும், அதனை ஆக்கித் தந்த லூயி பிரெயிலின் பெயரையும் நம் வாசகர்களில் பெரும்பாலானோர் அறிந்திருப்பர். அவர் பிறந்த ஜனவரி 4ஆம் திகதி 2019ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகள் சபையினால் உலக பிரெயில் தினமாக நினைவுகூரப்பட்டு வருகின்றது. எனினும், அந்தப் புகழ்பெற்ற பெயருக்குப் பின்னால் ஒரு கிராமத்துக் குடும்பம் நின்றது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணிழந்த மகனுக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டிய தாயும் தந்தையும் இல்லையெனில், உலகுக்கு அந்த ஆறு புள்ளிகள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இதனை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. பலமுறை இடம்பெயர்ந்து 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக் குடியமர்ந்த குடும்பங்களும், 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நீண்ட காலத்தின் பின் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களும் வாழும் நிலம் வன்னி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், பார்க்கவோ கேட்கவோ நடக்கவோ மற்றவர்களின் வேகத்தில் கற்கவோ இயலாத பிள்ளையைக் கையிற் பிடித்தபடி, பாடசாலை அதிபரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தயங்கும் பெற்றோர் இருக்கின்றனர். தமக்கு முன்னரும் ஒருவர் இவ்வாறு நின்றார் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

பாரிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கிழக்கே உள்ள கூவ்ரே என்னும் கிராமத்தில் 1809ஆம் ஆண்டு லூயி பிறந்தான். நான்கு பிள்ளைகளில் அவனே இளையவன். தந்தை சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து விற்கும் தோற்றொழிலாளி. தாய் மொனிக் வீட்டையும் சிறிதளவு நிலத்தையும் கவனித்து வந்தார். செல்வர்கள் அல்லர்; ஆயினும் உழைப்பினால் மதிப்போடு வாழ்ந்த குடும்பம்.

மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் கண்ணில் தோல் வேலைக்கான கூரிய கருவி ஒன்று குத்தியது. கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்துகள் இல்லாத காலம் அது. புண்பட்ட கண்ணிலிருந்து நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது லூயி பார்வையை முற்றாக இழந்திருந்தான்.

அக்காலத்து ஐரோப்பாவில் பார்வையற்ற ஏழைப் பிள்ளை ஒன்றின் வழக்கமான முடிவு தெருவோரப் பிச்சையே. சிமோன் ரெனேயும் மொனிக்கும் அந்த முடிவை ஏற்கவில்லை. மகனுக்குத் தந்தை கைத்தடி செய்து கொடுத்தார்; அதனை ஊன்றிக் கிராமத்துப் பாதைகளில் அவன் தனியே நடக்கப் பழகினான். சேணங்களுக்கான குஞ்சங்களைப் பின்னும் வேலை அவனுக்குப் பங்காகத் தரப்பட்டது. பலகையில் ஆணிகளை எழுத்துருவில் அடித்து, அவற்றைத் தடவி எழுத்துகளை அறியவும் தந்தை வழிசெய்தார் என்று அவரது சரிதைகள் கூறுகின்றன. தம் பிள்ளையால் எது முடியும், எது முடியாது என்பதைப் பிறர் சொல்லிக் கேளாமல் தாமே கண்டறிந்த பெற்றோர் அவர்கள்.

அது போர்க்காலம் என்பதும் கவனிக்கத்தக்கது. நெப்போலியனின் வீழ்ச்சியை அடுத்து 1814 தொடக்கம் 1816 வரை அந்நியப் படைகள் கூவ்ரே கிராமத்தில் தங்கியிருந்தன. பிரெயில் குடும்பத்தின் சிறிய வீட்டிலும் படையினர் மாறி மாறித் தங்கவைக்கப்பட்டனர். புதிதாகப் பார்வையிழந்த சிறுவனுக்கு, புரியாத மொழி பேசும் அந்நியர்களால் நிறைந்த வீடு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய இடரின் நடுவிலும் பிள்ளையின் கல்வியைப் பின்னொரு நாளுக்கென்று ஒத்திவைக்க அந்தப் பெற்றோர் துணியவில்லை.

அவ்வேளையில் அக்கிராமத்துத் தேவாலயத்துக்கு ஜாக் பலூயி என்ற குருவானவர் வந்து சேர்ந்தார். சிறுவனின் கூர்மையைக் கண்டு தாமே சில பாடங்களைச் சொல்லிக் கொடுத்த அவர், பின்னர் கிராமப் பாடசாலையின் இளம் ஆசிரியர் அன்துவான் பெஷரேயிடம் லூயியைச் சேர்க்குமாறு கேட்டார். பார்வையற்ற பிள்ளைக்குக் கற்பிக்க எந்தப் பயிற்சியும் பெறாதவர் பெஷரே. எனினும் மறுக்கவில்லை. அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, லூயி மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் அமர்ந்தான். காதால் கேட்டதை அப்படியே மனதிற் பதித்து, விரைவிலேயே வகுப்பின் சிறந்த மாணவர்களுள் ஒருவனானான்.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். லூயிக்கு வகுப்பில் இடம் கிடைத்தது. ஆனால் கருவி கிடைக்கவில்லை. மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்கும்போது அவன் சும்மா இருந்தான். மற்றவர்கள் எழுதும்போதும் சும்மா இருந்தான். அவனது பெற்றோரும் குருவானவரும் ஆசிரியரும் பாராட்டுக்குரியவர்களாவது அவனைச் சேர்த்துக்கொண்டமையால் மட்டுமல்ல; சேர்த்துக்கொண்டது போதாது என்பதை உணர்ந்தமையாலுமே.

பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை இருந்தது. 1785ஆம் ஆண்டளவில் வலந்தேன் ஆவுயி என்பவர் தொடங்கிய அந்நிறுவனமே இவ்வகையில் உலகின் முதலாவதாகக் கருதப்படுவது. அங்கு இடமும் உதவித்தொகையும் பெறுவதற்கு ஒரு செல்வாக்குள்ளவரின் பரிந்துரை வேண்டியிருந்தது. அப்பகுதிப் பிரபுவான தோர்விலியேயின் துணை நாடப்பட்டது. அவரது பரிந்துரை பலித்தது. 1819ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி, பத்து வயது மகனைக் குதிரை வண்டியில் ஏற்றிச் சென்று பாரிஸில் விட்டுவந்தார் சிமோன் ரெனே. குருவானவர், ஆசிரியர், பிரபு, நிறுவனம் என்று ஒரு குடும்பத்தின் வேண்டுதல் படிப்படியாக ஏறிச் சென்ற பாதை அது.

அந்த நிறுவனத்தின் கட்டடமோ ஈரமும் இருளும் நிறைந்தது. லூயியின் உயிரைப் பின்னர் குடித்த காசநோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்பர். அங்கிருந்த நூல்களும் மிகச் சில. சாதாரண எழுத்துகளையே பெரிதாகத் தாளில் புடைக்கச் செய்து அச்சிட்டிருந்தனர். ஒவ்வோர் எழுத்தாகத் தடவி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். பார்வையுள்ளோரின் கண்ணுக்கு எளிதானதே பார்வையற்றோரின் விரலுக்கும் எளிதாயிருக்கும் என்ற தவறான எண்ணத்தில் பிறந்த முறை அது. எழுதுவதற்கோ அதில் வழியே இருக்கவில்லை.

1821ஆம் ஆண்டு, படை அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் பார்பியே தாம் வகுத்த புள்ளி முறை ஒன்றை நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு புள்ளிகள் வரை கொண்ட அதன் குறிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. ஒலிகளை மட்டும் குறித்ததால் சரியான எழுத்துக்கூட்டலுக்கும் அதில் இடமில்லை. சிறுவன் லூயி அதனைப் புறந்தள்ளவுமில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. இரவுகளிலும் விடுமுறை நாட்களில் கூவ்ரே வீட்டிலும் தாளைக் குத்திக் குத்திப் பார்த்து, 1824ஆம் ஆண்டளவில், தனது பதினைந்தாவது வயதில், ஆறே புள்ளிகளில் 63 வடிவங்கள் தரும் முறையைக் கண்டடைந்தான். அதனை விளக்கும் நூல் 1829ஆம் ஆண்டு வெளிவந்தது. இசைக்குறிகளுக்கும் அதிலே இடமிருந்தது. பின்னாளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவரல்லவா அவர்.

1831ஆம் ஆண்டு தந்தை மறைந்தார். மகனை ஒருபோதும் கைவிட வேண்டாம் என்று நிறுவனத்தின் பணிப்பாளரை வேண்டிக்கொண்டே அவர் கண்மூடினார் என்று அறிகிறோம். மரணப்படுக்கையிலும் மகனுக்காகப் பேசிய தந்தை அவர். 1833ஆம் ஆண்டு லூயி பிரெயில் அதே நிறுவனத்தில் முழுநிலை ஆசிரியரானார்.

ஆனால் அவரது புள்ளி எழுத்தை ஏற்பதற்கு அதிகாரத்தில் இருந்தோர் முன்வரவில்லை. பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்று வாதிட்டனர். 1840ஆம் ஆண்டு பொறுப்பேற்ற பணிப்பாளர் துய்போ அம்முறையைத் தடைசெய்தார். பழைய நூல்கள் எரியூட்டப்பட்டன. மாணவர்களோ கிடைத்த கூரிய பொருட்களால் இரகசியமாகப் புள்ளி குத்தித் தமக்குள் எழுதிக்கொண்டனர். தமக்கு எது பயன்படுகிறது என்பதைக் கற்போரே அறிந்திருந்தனர். துணைப் பணிப்பாளராக இருந்த குவாதே இதனைக் கண்டுணர்ந்து துய்போவின் மனதை மாற்றினார். 1844ஆம் ஆண்டு புதிய கட்டடத்தின் திறப்பு விழாவில் ஆறு புள்ளி முறை வெளிப்படையாகப் பாராட்டப்பட்டது.

1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, 43 வயது நிரம்பி இரண்டே நாட்களில், பிரெயில் காசநோயால் காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின்னரே பிரான்ஸ் அவரது முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றது. மறைந்து நூறு ஆண்டுகளின் பின்னர், 1952இல், அவரது உடல் பாரிஸில் நாட்டின் பெரியோர்கள் துயிலும் பந்தியோனுக்கு மாற்றப்பட்டது. கைகள் மட்டும் கூவ்ரே மண்ணிலேயே விடப்பட்டன.

அந்த ஆறு புள்ளிகள் மொழிகளையும் சமயங்களையும் கடந்தன. 1950களின் தொடக்கத்தில் யுனெஸ்கோவின் முயற்சியால் பல்வேறு மொழிகளின் பிரெயில் முறைகள் ஒழுங்குசெய்யப்பட்டன. இன்று தமிழுக்கும் பிரெயில் உண்டு, அறபுக்கும் உண்டு. வலமிருந்து இடமாக எழுதப்படும் அறபு மொழி பிரெயிலில் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுகின்றது. பார்வையற்ற முஸ்லிம்கள் திருக்குர்ஆனைத் தம் விரல்களால் ஓதுகின்றனர். இலங்கையில் 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்ற, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார். வடபுலத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை நெடுங்காலமாக இப்பணியை ஆற்றி வருவதை நாம் அறிவோம்.

இனி, நம் பெற்றோருக்கு இவ்வாழ்க்கை தரும் பாடத்துக்கு வருவோம். சிமோன் ரெனேயிடம் சட்டம் எதுவும் இருக்கவில்லை. பிரபுவின் தயவையே அவர் நம்ப வேண்டியிருந்தது. நம்மிடம் சட்டம் இருக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுப்பதைத் தடைசெய்கின்றது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்றுறுதி செய்துள்ளது. கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளும் உள்ளன. ஆகவே அதிபரின் அறையில் நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.

உரிமையைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. எல்லோருக்கும் முன்னதாகப் பிள்ளையை அறிந்தவர் தாயே. அவன் எந்தத் தூரத்தில் எழுத்தைக் காண்கிறான், எந்தக் காதால் கேட்கிறான், எத்தனை நிமிடம் ஒரு வேலையில் நிலைக்கிறான் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வைத்தியரின் அறிக்கையையும் பிள்ளையின் கொப்பிகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். முன்வரிசையில் இடம், பெரிய எழுத்தில் பாடம், விசேட கல்வி அலகில் சேர்ப்பு, பரீட்சையில் மேலதிக நேரம் என்று தேவையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாய்மொழியோடு நிறுத்தாமல் திகதியிட்டு எழுதிக் கொடுத்து, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பாடசாலையில் பதில் இல்லையெனில் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை நாட வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும் துணைநிற்கக் கூடியவரே. எழுதத் தெரியாத பெற்றோருக்கு எழுதிக் கொடுப்பது பள்ளிவாசல், கோயில், தேவாலய நிருவாகங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஏற்கத்தக்க பணியாகும். கூவ்ரேயில் ஒரு குருவானவர் செய்தது இதனையே.

நம் முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்களின் பொருட்டு அருளப்பட்டதே திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்கம். குலத்தலைவர்களின் செவியைப் பெறுவதைவிடக் கற்க வந்தவரைக் கவனிப்பதே மேலானது என்பதை அது உணர்த்துகின்றது. பின்னாளில் அவர் மதீனாவில் தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் முஅத்தினாகவும் விளங்கினார். அவருக்குக் காட்டப்பட்டது இரக்கம் மட்டுமன்று, பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது.

ஆசிரியர்களின் சிரமத்தையும் நாம் மறக்கவில்லை. பெரிய வகுப்புகளும் பயிற்சிக் குறைவும் வளப்பற்றாக்குறையும் உண்மையே. பெஷரேயிடமும் பயிற்சி இருக்கவில்லை. ஆயினும் அவர் முதலில் இடம் கொடுத்தார், பின்னர் தம்மால் முடியாததை வேறிடத்தில் தேடத் துணைநின்றார். ஓர் ஆசிரியரிடம் வன்னிப் பெற்றோர் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. பிள்ளையைச் சேர்த்துவிட்டோம் என்று பாடசாலையும், சேர்த்துக்கொண்டார்கள் என்று பெற்றோரும் அத்துடன் அமைந்துவிட்டால், அப்பிள்ளை பின்வாங்கில் மௌனமாக அமர்ந்தே ஆண்டுகளைக் கழிக்கும். இடத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் கருவியையும் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை அந்த வாசலை விட்டு அகலாதிருப்பதே பெற்றோரின் கடமையாகும்.