லாமார்க் வாழ்ந்த தோட்டம்

விலங்கியல் பயிலும் நம்மில் லாமார்க் என்ற பெயரை அறியாதார் இலர். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டியே நீள்கழுத்துப் பெற்றது என்றவர், அக்கருத்து தவறு. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அவர் வாழ்க்கையைப் படித்தபின், அவரை இரண்டு வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1744-இல் வட பிரான்சில் வசதி குறைந்த பிரபுக் குடும்பத்தில் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை மறைந்ததும் குதிரை ஒன்று வாங்கிக்கொண்டு போர்முனைக்குச் சென்று படையில் சேர்ந்தார். உடல்நலம் குன்றி அதைவிட்டுப் பாரிஸ் வந்தவர், செடிகொடிகளில் மனத்தைப் பறிகொடுத்தார். பிரான்சின் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். செய்முறை வகுப்பில் இதுவா, அதுவா என்று இரண்டிரண்டாகப் பிரித்துச் செடியை இனங்காண்கிறோமே, அம்முறையைப் பரப்பியது அந்நூல்தான். 1779-இல் அறிவியல் கழகத்தில் இடமும் கிடைத்தது. பிறகு அரசரின் மூலிகைத் தோட்டத்தில் சிறு ஊதியத்தில் ஒரு வேலை.

புரட்சி வந்தது. 1793-இல் அத்தோட்டம் தேசிய இயற்கை வரலாற்று நிலையமாயிற்று. அடுத்த ஆண்டே வெர்சேல்ஸ் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகளும் அங்கு வந்து, செடியும் விலங்கும் ஓரிடத்தில் அமைந்தன. தாவரவியல் பதவிகள் பிறருக்குப் போயின. லாமார்க்கிற்குக் கிடைத்ததோ பூச்சிகளும் புழுக்களும்! அப்போது அவர் வயது நாற்பத்தொன்பது. என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இருபது வயதில் ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கவே எத்தனை திணறல் என்பதை அறிவேன். அவரோ எவரும் விரும்பாத அந்தக் குவியலைப் பிரித்து வகைப்படுத்தி, முதுகெலும்பற்றவை என்ற பெயரையும் தந்தார். உயிரினங்கள் மாறிக்கொண்டே வந்தவை என்று 1809-இல் நூல் எழுதினார். ஒட்டகச்சிவிங்கி அதில் ஒரு சிறு பகுதிதான். டார்வின் பிறந்ததும் அதே ஆண்டில்.

பின்னர்ப் பார்வை முற்றும் போயிற்று. முதுகெலும்பற்றவை பற்றிய பெருநூலின் இறுதிப் பகுதியை அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 1827-இல் எகிப்திலிருந்து வந்த ஒட்டகச்சிவிங்கி, மார்செய் துறைமுகத்திலிருந்து நடந்தே பாரிஸ் சேர்ந்து அத்தோட்டத்தில் குடியேறியது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. அங்கேயே குடியிருந்த லாமார்க்கிற்கு அதைக் காணக் கண்ணில்லை.

1829 டிசம்பரில் மறைந்தார். சொந்தக் கல்லறைக்கும் வழியில்லை. சில ஆண்டுகளுக்கு மட்டும் விடப்பட்ட குழியில் அடக்கம் செய்தனர். எலும்புகள் இன்று எங்கே என்று எவரும் அறியார். 1909-இல் தோட்ட வாயிலில் அவருக்குச் சிலை எழுந்தது. அதன் பீடத்தில் பார்வையற்ற தந்தையின் அருகே மகளும் இருக்கிறாள்.