பொடியள் மத்தியில் ஒரு பெண்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



நான் எழுத்தாளன் இல்லை. ஊரில் ஏ.எல். சோதினையோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே மொன்றியலில் தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறவன். இந்த மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தாரும் என்று சங்கத்தில் கேட்டபோது முதலில் மறுத்தேன். பிறகு ஓம் என்றதற்குக் காரணம் என் மகன்.

அவனுக்கு 12 வயது. 2024 இலையுதிர் காலத்திலிருந்து கியூபெக் பள்ளிக்கூடங்களில் பண்பாடும் குடியுரிமையும் என்று ஒரு பாடம் நடக்கிறது. பழைய சமய, ஒழுக்கப் பாடத்துக்குப் பதிலாக வந்தது. ஆண் பெண் சமத்துவம், மற்றவரை மதித்தல், சம்மதம் கேட்டல் எல்லாம் அதில் சொல்லிக் குடுக்கினம். ஒருநாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா, நீங்கள் படிக்கேக்கை உங்களுக்கும் இதெல்லாம் படிப்பிச்சவையோ எண்டு கேட்டான். எனக்குப் புரைக்கேறிவிட்டது. இல்லையெண்டு மட்டும் சொன்னேன். அடுத்தநாள் வேலையில் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தவதான் இந்த அம்மா.

முத்துலட்சுமி 1886 யூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தவ. அந்தக் காலத்தில் புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானம். தகப்பன் நாராயணசாமி ஐயர், அங்குள்ள மகாராசா கல்லூரியில் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவ. எங்கள் அப்பா அம்மாக்கள் திரையில் பார்த்துச் சொக்கிய ஜெமினி கணேசன் இந்த அம்மாவின் தமையன் தம்பி வழியில் வந்த மருமகன் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

பெரியபிள்ளையானவுடன் பள்ளிக்கூடத்தால் மறிக்கிறதுதான் அன்றைய வழக்கம். முத்துலட்சுமியையும் மறித்தார்கள். ஆனால் புத்தகத்தை மறிக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெட்ரிகுலேசன் பாஸ் பண்ணினா. தாய்க்கு மகளைக் கட்டிக் குடுக்கவேணும் என்ற கவலை. மகளுக்கோ கல்லூரிக்குப் போகவேணும் என்ற ஆசை. ஊரில் இருந்ததோ ஆண்கள் படிக்கிற மகாராசா கல்லூரி ஒன்றுதான்.

விண்ணப்பம் போட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு பெண் வந்து இருந்தால் பொடியன்கள் கெட்டுப்போவார்கள் என்பதுதான் முதல் நியாயம். தாயின் பிறப்பையும் இழுத்துப் பேசினார்கள். கடைசியில் மகாராசா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு இடம் குடுக்கச் செய்தார். அப்படித்தான் அவ அந்தக் கல்லூரிக்குள் கால் வைத்தா.

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கோ. பொடியன்கள் கெட்டுப்போவார்கள் என்றால் யாருக்குப் புத்தி சொல்லியிருக்க வேணும்? பொடியன்களுக்கு அல்லவா? அவளை மதியுங்கோ, அவளும் உங்களைப்போலப் படிக்க வந்தவள் என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அது ஒருவருக்கும் தோன்றவில்லை. படலையைச் சாத்துறதுதான் தோன்றியது.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதோ என்று தெரியாது. ஊரில் ரியூசன் விட்டு வரும்போது ஒழுங்கைச் சந்தியில் நாங்கள் நாலைந்து பேர் சைக்கிளோடு நிற்போம். என்னோடு படித்த ஒரு பிள்ளைக்குப் பின்னால் நான் மூன்று மாதம் சைக்கிளில் போனேன். அவ ஒருநாளும் கதைத்ததில்லை. திரும்பிப் பார்த்ததும் இல்லை. திரும்பிப் பாராததை வெட்கம் என்று நான் கணக்குப் போட்டேன். படங்களில் அப்படித்தானே காட்டுகினம்! ஒருநாள் அவ இருக்கிற வாங்கில் இடம் வெறுமையாக இருந்தது. வீட்டில் ரியூசனை மறித்துப்போட்டினம் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கம்பஸ் கிடைக்காததைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டினம். அந்தப் பிள்ளை சோதினை எழுதினவவோ என்று நான் விசாரிக்கக்கூட இல்லை.

முத்துலட்சுமிக்குப் பக்கபலமாக ஒரு தகப்பனும் ஒரு மகாராசாவும் இருந்தார்கள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தா. அங்கேயும் அதே கதைதான். சத்திரசிகிச்சை படிப்பித்த ஆங்கிலேயப் பேராசிரியர் தன் வகுப்பில் பெண்களை இருக்க விடுவதில்லையாம். அந்தப் பாடத்திலேயே இவ முன்னுக்கு நின்ற பிறகுதான் அவர் மனம் மாறினார் என்று சொல்லுவினம். 1912இல் டாக்டராக வெளியே வந்தா.

அடுத்தது கலியாணம். எங்கள் பொடியன்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்தக் கட்டத்தைத்தான். டாக்டர் சுந்தர ரெட்டி பெண் கேட்டபோது அவ உடனே ஓம் என்று சொல்லவில்லை. தன்னைச் சமமாக மதிக்கவேணும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தா. அவர் ஒப்புக்கொண்டார். 1914இல் கலியாணம் நடந்தது. நூறு வருசத்துக்கு முந்தி ஒரு பெண் கேட்டதற்கு ஓர் ஆண் தலையாட்டி இருக்கிறார். சம்மதம் என்றால் பெண்ணிடம் வாங்குவது மட்டும் அல்ல, ஆணும் குடுக்கவேண்டியது என்று எனக்கு இதிலிருந்துதான் விளங்கியது.

சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, 1927இல் அதன் துணைத் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டா. கியூபெக் மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1940இல்தான். எங்கள் இலங்கையில் 1931இலேயே கிடைத்துவிட்டது. ஆகவே வெள்ளைக்காரர்தான் எல்லாவற்றையும் எங்களுக்குப் படிப்பித்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிற வழக்கத்தை எதிர்த்து, பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தவேணும் என்று 1928இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தா. 1929இல் வந்த சாரதா சட்டமோ பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. நாங்கள் இருக்கிற இந்தக் கனடாவில் உடலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 14இலிருந்து 16 ஆனது 2008இல்!

சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவ பாடுபட்டது எல்லோருக்கும் தெரிந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதற்காக உழைத்தார். சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது. தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர் அந்த முயற்சியை எதிர்த்ததையும் மறைக்கக் கூடாது. தங்கள் வாழ்க்கையையும் கலையையும் பற்றித் தாங்களும் பேசவேணும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நல்லது செய்யப் போகிறவர்களும் முதலில் கேட்கவேண்டித்தான் இருக்கிறது.

1930இல் காந்தி கைதானபோது சட்டசபைப் பதவியை விட்டா. போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகளுக்காக ஒளவை இல்லத்தைத் தொடங்கினா. தங்கச்சி ஒருவ புற்றுநோயால் இறந்ததை மறக்காமல், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கினா. அவவின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஆயுள் முழுக்க அங்கேயே உழைத்தார். 1968 யூலை 22ஆம் திகதி, 82 வயதை எட்டுகிற நேரத்தில் அந்த அம்மா காலமானா.

இந்தக் கதையை மகனுக்குச் சொன்னேன். சைக்கிள் கதையையும் சேர்த்துச் சொன்னேன். இவ்வளவு காலமும் அதை மனுசிக்கும் சொன்னதில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த அக்கா பிறகு என்ன ஆனவ எண்டு கேட்டான். தெரியாது எண்டு சொன்னேன். நீங்கள் கேட்டிருக்கலாம்தானே எண்டான்.

பள்ளிக்கூடம் அதன் வேலையைச் செய்கிறது. வீட்டில் எங்கள் வேலையும் இருக்கிறது. மகளுக்கு மட்டும் கவனமாகப் போ என்று சொல்லி அனுப்புகிற நாங்கள், இந்த வருசம் மகனுக்கும் இரண்டு வார்த்தை சொல்லுவோம்.