பத்தொன்பது வயது விமானி இந்திரலால் ராய்

தாம்பரம் தளத்து விமானங்களை அண்ணாந்து பார்க்கும் நம் பங்கு இளைஞர்கள் இவரை அறிந்திருப்பது நலம்.

1898 டிசம்பர் 2-ல் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் இலண்டனில் கல்வி பயின்றார். முதல் உலகப் போர் மூண்டிருந்த காலம். விமானப் படையில் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை போதாதென்று தள்ளப்பட்டார். தமது மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தில் கண் நிபுணரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டு, 1917-ல் படையில் சேர்ந்து பயிற்சி பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் அவரது விமானம் நொறுங்கியது. காயமுற்றவரை, இனிப் பறக்கத் தகுதியற்றவர் என்றனர். அவரோ விடாது மன்றாடி, 1918 ஜூனில் பிரான்சுப் போர்முனைக்குத் திரும்பினார்.

ஜூலை 6 முதல் 19 வரை, பதினான்கே நாட்களில், 10 வான்வெற்றிகள் கண்டார். ஜூலை 22-ல், கார்வின் நகருக்கு மேலே நடந்த சண்டையில் விமானத்தோடு வீழ்ந்து உயிர்நீத்தார். வீரப் பதக்கம் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை. எஸ்தெவெல் ஊர்க் கல்லறையில் துயில்கிறார்.

இருமுறை தள்ளப்பட்டும் எழுந்த அவரது விடாமுயற்சி நமக்குப் பாடமாகட்டும். ஆயினும், அவர் வீழ்த்திய விமானங்களில் இருந்தோரும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. இருசாராரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் வேண்டுவோம். நம் பிள்ளைகளுக்குச் சமாதானத்தைக் கேட்போம்.