மூத்த பிடியின் வழி

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் 1912-இல் நெல்லையில் பிறந்தார். தாமே பொருத்திய புகைப்படக் கருவியைச் சுமந்து, காட்டு யானைகளை ஆண்டுக்கணக்கில் நோக்கினார். 1950 முதல் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் காட்டுயிர்களைப் பற்றி எழுதினார். பத்மஸ்ரீ பெற்றார், 1996-இல் மறைந்தார்.

யானைக் கூட்டத்தின் தலைவன் தந்தக் களிறு என எண்ணுவோர் பலர். உண்மை வேறு. சக்குபள்ளத்தை அடுத்த தேக்கடிக் காட்டிலும், கூட்டம் நிற்பதும் நடப்பதும் மூத்த பிடியின் குறிப்பறிந்தே. வறட்சியில் நீர் கிடைக்குமிடம் அதன் நினைவில் இருக்கிறது. அப்பிடி மாண்டாலோ, அதன் தடம் அடைபட்டாலோ கூட்டமே தடுமாறும்.

இயற்கைக் காட்டை அவ்வாறே விட்டுவைக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார் கிருஷ்ணன். நண்பர்களே, அவர் விட்டுச்சென்ற பணி நம்முடையதன்றோ!