வாளெடாது நகர் பெற்ற சக்கரவர்த்தி

உலக சரித்திரத்தை நாம் எடுத்து வாசிக்குங்கால், அரசர்களின் பெருமையை அவர்கள் வென்ற போர்களைக் கொண்டும், அப்போர்களில் மாண்டவர் தொகையைக் கொண்டுமே பலர் அளந்திருப்பதைக் காண்கின்றோம். ஒரு நகரைப் பிடிக்கப் பல்லாயிரவரைப் பலிகொடுத்தவன் மாவீரன் எனப் போற்றப்படுகின்றான். அதே நகரைப் பேச்சினாலே பெற்றவனுக்கு உலகம் என்ன மரியாதை செய்தது? இதனை அறிய விரும்புவோர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தியின் வரலாற்றை ஒருமுறையேனும் வாசித்தல் வேண்டும்.

பிரெடரிக் 1194-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இத்தாலி தேசத்து ஜேசி என்னும் சிற்றூரிலே பிறந்தான். தந்தை, ஜெர்மனியையும் வட இத்தாலியையும் ஆண்ட ஆறாம் ஹென்றி சக்கரவர்த்தி. தாய், சிசிலி அரச குலத்தில் வந்த கான்ஸ்டன்ஸ் அம்மையார். அப்பொழுது அம்மையாருக்கு வயது 40. அவ்வயதில் பிள்ளைப்பேறு உண்டோ என்று ஊரார் ஐயுற்றமையால், சந்தை வெளியிலே கூடாரம் அடித்து, ஊர்ப் பெண்கள் கண்டு நிற்க அம்மையார் மகவை ஈன்றார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அக்குழந்தை பெற்ற சுகம் சிறிதே. மூன்று வயது நிரம்புமுன் தந்தை மாண்டார். நான்கு வயது நிரம்புமுன் தாயும் மறைந்தார். மூன்றாம் இன்னொசென்ட் என்னும் போப்பரசர் பாதுகாவலராக அமைந்தார்.

சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் பிரெடரிக் வளர்ந்தான். அத்தீவிலே இலத்தீன் கிறிஸ்தவரும், கிரேக்கக் கிறிஸ்தவரும், அரபு பேசும் முஸ்லிம்களும், யூதரும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். பிற மதத்தாரைப் பேயென அஞ்சும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், அவர்களும் உண்டு உறங்கி உழைக்கும் மனிதரே என்பதைக் கண்ணாற் கண்டு வளரும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டிற்று. பின்னாளில் அவன் செய்த பெருஞ்செயலுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது நம் கருத்து.

17 வயதில், 1212-ஆம் ஆண்டு, ஜெர்மானியச் சிற்றரசர் சிலர் அழைக்க அந்நாடு சென்றான். 1215-ல் ஆகென் நகரிலே அரச முடி சூடினான். அன்றே சிலுவைப் போருக்குச் செல்வதாகவும் சபதம் பூண்டான். 1220-ல் ரோமாபுரியில் மூன்றாம் ஹொனோரியஸ் போப்பரசர் அவனுக்குச் சக்கரவர்த்திப் பட்டம் சூட்டினார்.

சிலுவைப் போர் என்பது யாது என்று சிறிது கூறுவோம். ஜெருசலேம் நகரம் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூவர்க்கும் புனிதமானது. 1099-ல் ஐரோப்பியப் படைகள் அதனைப் பிடித்தபொழுது, உள்ளேயிருந்த முஸ்லிம்களையும் யூதரையும் இரக்கமின்றி வெட்டி வீழ்த்தின. 1187-ல் சலாதீன் சுல்தான் அதனை மீட்டான். மீண்டும் பிடிக்க எழுந்த படைகளுள் ஒன்று, 1204-ல் வழிமாறிச் சென்று, கிறிஸ்தவ நகரமாகிய கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடிற்று. மற்றொன்று 1221-ல் எகிப்திலே நைல் வெள்ளத்திற் சிக்கித் தோற்றது. இங்ஙனம் நூறாண்டுக்கு மேலாக ஏழைக் குடியானவனின் பிள்ளையும் பிரபுவின் பிள்ளையும் ஒரு நகரின் பெயரால் அந்நிய மண்ணில் மடிந்துகொண்டிருந்தனர்.

பிரெடரிக் பல தவணை கூறிக் காலங்கடத்தி, 1227-ல் பிரிந்திசித் துறையிலிருந்து கப்பலேறினான். படையிலே கொள்ளைநோய் புகுந்தது. அவனும் நோயுற்று மூன்றாம் நாளளவிலே கரை திரும்பினான். ஒன்பதாம் கிரெகரி என்னும் புதிய போப்பரசர் அதனை நம்பாது, அவனைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். ஊர்விலக்கின் கொடுமை நம் நாட்டவர் அறியாததன்று. இதுவோ ஒரு கண்டம் முழுவதற்கும் செல்லும் விலக்கு. விலக்குண்டவன் புனிதப் போர் தொடுக்கலாகாது என்பது விதி. ஆயினும் 1228-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவன் புறப்பட்டான். செப்டம்பரில் பாலஸ்தீனக் கரையிலுள்ள ஏக்கர் நகரை அடைந்தான்.

படையோ சிறிது. அங்கிருந்த கிறிஸ்தவ வீரருட் பலர் விலக்குண்டவனின் கட்டளைக்குப் பணிய மறுத்தனர். எதிரே நின்றவன் எகிப்தின் சுல்தான் அல்-காமில், சலாதீனின் தம்பி மகன். அவனுக்கும் வீட்டுத் தொல்லை இருந்தது. டமாஸ்கஸ் நகரைப் பற்றி உறவினருடன் பூசல். ஆகவே இருவருக்கும் போர் வேண்டாதிருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் போர் வேண்டாத நிலையிலும் மானம் கருதிப் போரிட்டு அழிந்த அரசர் எத்தனை பேர்! இவ்விருவரும் அங்ஙனம் செய்யவில்லை. பக்ருதீன் என்னும் அமீர் தூதாக வந்து வந்து சென்றார். மாதக்கணக்கிற் பேச்சு நடந்தது. இடையிடையே கணிதத்திலும் தத்துவத்திலும் சிக்கலான வினாக்களைச் சக்கரவர்த்தி அனுப்ப, சுல்தான் தன் அறிஞரைக் கொண்டு விடை அனுப்பினான் என்பர்.

1229-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் உடன்படிக்கை முடிந்தது. ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் ஆகியன கிறிஸ்தவர் வசமாயின. ஜெருசலேமிலுள்ள பாறைக் குவிமாடமும் அல்-அக்சா பள்ளிவாசலும் முஸ்லிம்களிடமே இருக்கும்; அவர்கள் தடையின்றித் தொழலாம். பத்தாண்டுக்குச் சற்று மேலாகச் சண்டையில்லை. மார்ச் 17-ஆம் நாள் பிரெடரிக் நகருள் நுழைந்தான். அன்றிரவு விருந்தாளியின் மனம் நோகலாகாதென்று தொழுகை அழைப்பை நிறுத்திவைத்தனர் என்றும், அதனைக் கேட்கவே தான் ஆவலுற்றிருந்ததாகச் சக்கரவர்த்தி மறுநாள் குறைபட்டான் என்றும் அரபு ஆசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர்.

ஒரு துளி இரத்தமின்றிக் கிடைத்த இவ்வெற்றியைக் கிறிஸ்தவ உலகம் எங்ஙனம் வரவேற்றது? விலக்குண்டவன் நுழைந்த நகரில் வழிபாடே நடத்தலாகாது என்று குருபீடம் தடை விதித்தது. மே மாதம் முதல் நாள் அவன் ஏக்கர் துறையிற் கப்பலேறச் செல்கையில், கசாப்புத் தெருவார் குடலையும் இறைச்சித் துண்டுகளையும் அவன்மீது வீசினர். அவன் இல்லாத வேளையில் போப்பரசரின் படைகள் அவனுடைய தென் இத்தாலியிற் புகுந்திருந்தன. மறுபுறம், டமாஸ்கஸ் பள்ளிவாசலில் சமய அறிஞரொருவர் நகரிழந்த துயரை எடுத்துரைக்க, மக்கள் கண்ணீர் சிந்திச் சுல்தானைத் தூற்றினர். கொன்றவரைக் கொண்டாடிய இரு கூட்டமும், கொல்லாதவர் இருவரையும் துரோகி என்றன.

இதற்குக் காரணம் யாதென்று நாம் ஆராய்தல் வேண்டும். பகைவன் மனிதனல்லன் என்று நூறாண்டாகப் போதிக்கப்பெற்ற மக்களுக்கு, அவனோடு ஒரே பாயிலமர்ந்து பேசுவது பாவமாகத் தோன்றிற்று. தந்தையையும் தமையனையும் போரில் இழந்தவனுக்கு, போரின்றியே நகர் கிடைக்கும் என்னும் செய்தி, தன் வீட்டுச் சாவு வீண் சாவு என்று சொல்வதாகப் பட்டது. உடன்படிக்கை இரு அரசரின் மதியிலே பிறந்தது. குடிமக்களின் மனத்தில் அது விதைக்கப்படவேயில்லை.

நாடு திரும்பிய பிரெடரிக் போப்பரசரின் படைகளைத் துரத்தி, 1230-ல் அவரோடு சமாதானம் செய்துகொண்டான். 1231-ல் மெல்பி நகரில் சட்டத் தொகுதி வெளியிட்டான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தச் செய்து குற்றத்தைச் சோதிக்கும் மூடவழக்கத்தை அது ஒழித்தது. சலெர்னோ நகரத்து ஆசிரியரால் சோதிக்கப்பெறாதவன் வைத்தியம் செய்யலாகாது என விதித்தது. அதற்கு முன்னரே, 1224-ல், நேப்பிள்ஸ் நகரிலே சர்வகலாசாலை அமைத்திருந்தான். நம் நாட்டில் தோன்றிய இலக்கங்களை அரபியரிடம் கற்று ஐரோப்பியர்க்கு நூலெழுதிப் பரப்பிய பீசா நகரத்து லியொனார்டோவையும் அழைத்து அளவளாவினான். 1235-ல் புல்டா நகரிலே சிறுவரைக் கொன்றனர் என்று பழி சுமத்தி யூதர் 34 பேரைக் கொன்றனர். சக்கரவர்த்தி அறிஞரைக் கூட்டி விசாரித்து, இரத்தத்துக்காக யூதர் குழந்தைகளைக் கொல்வர் என்பது பொய் என்று 1236-ல் அறிவித்தான்.

எனினும் குற்றங்களையும் கூறாது விடுதல் தகாது. சுல்தானோடு சமாதானம் பேசிய இவனே, தன்னை எதிர்த்த சிசிலி முஸ்லிம்களை மலைகளிலிருந்து பெயர்த்து, கடல் கடத்தி, லுசேரா என்னும் ஊரிலே குடியேற்றினான். மதவிலக்கத்தாரைத் தீயிலிடவும் சட்டம் செய்தான். மிலான் முதலிய வட இத்தாலிய நகரங்கள் தம் உரிமையை விடாது நின்றபொழுது, ஜெருசலேமிற் காட்டிய பொறுமையில் நாலில் ஒரு பங்கையும் அங்கே காட்டவில்லை. 1239-ல் மறுபடி விலக்கு. 1245-ல் லியோன் சபையில் நான்காம் இன்னொசென்ட் போப்பரசர் அவன் பட்டத்தையே பறித்ததாக அறிவித்தார். போர் ஓயவில்லை. எதிர்த்தெழுந்த மூத்த மகன் சிறையிருந்து 1242-ல் மாண்டான். மற்றொரு மகன் என்சோ 1249-ல் பகைவரிடம் சிக்கினான். நெடுங்காலம் நம்பியிருந்த அமைச்சனைத் துரோகியென ஐயுற்று, அவன் கண்களைப் பறித்தான். 1250-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் பிரெடரிக் இறந்தான். பேரன் கொன்ராடின் 1268-ல் 16 வயதில் நேப்பிள்ஸ் சந்தை வெளியிலே தலை வெட்டப்பட்டான். அத்தோடு அந்த வமிசம் அரசிழந்தது.

ஜெருசலேம் என்னாயிற்று? தவணை 1239-ல் முடிந்தது. 1244-ல் குவாரிஸ்மியப் படை நகரிற் புகுந்து கொன்று கொள்ளையிட்டது. பழைய கணக்கு மீண்டும் தொடங்கிற்று.

அன்பர்களே, வீணான சமாதானம் என்று இதனைச் சொல்லிவிடலாகாது. பத்தாண்டுக் காலம் அந்நகரத்துத் தாய்மார் தம் மக்களைச் சாகக் கொடாது வளர்த்தனர், அது சிறிதன்று. ஆயினும் தூரத்துப் பகைவனிடம் சமாதானம் பேசியவன், அண்டையிலிருந்தவனிடமும் பெற்ற மகனிடமும் அதனைப் பேசக் கற்கவில்லை. உடன்படிக்கை எழுதிய கை, குடிகளுக்கு அதன் நியாயத்தைப் போதிக்க ஒரு பள்ளியும் வைக்கவில்லை. வேந்தர் செய்யும் சமாதானத்தைக் காப்பவர் வேந்தரல்லர், வீதியில் நிற்கும் நாமேயாவோம். பகைவனோடு பேசித் திரும்புகின்றவன்மீது குடலை எறியும் கூட்டத்தில் நாம் நில்லாதிருக்கக் கடவோம்.